மலையில் உட்கார்ந்த காய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. தாமதத்துக்குச் சோம்பல் பாதிக் காரணம். மீதிப் பாதி, கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருந்த அந்த ஒற்றை வரி. "அதெல்லாம் ஒன்றுமில்லையம்மா, கவலைப்படாதீர்கள்" என்று எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஆனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். இதே கேள்வியை வெளியே கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

மற்றவர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சித்தூர்க்காரர். திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலை எட்டரை மணிக்கு விடுதிக்கு வந்து, குளித்து, ஜன்னலுக்குத் துப்பட்டாவைத் தொங்கவிட்டு, படுத்துக்கொண்டு செல்போனில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டைத் திறக்கிறீர்கள். திறந்து, விதைப்பதில்லை. அறுப்பதில்லை. மீன் பிடிப்பதில்லை. அந்தச் சின்ன மரவீட்டுக்குள் உங்கள் பொம்மையை நிறுத்திவிட்டு, வெளியே பெய்யும் மழையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறீர்கள். பக்கத்துக் கட்டில் தோழி எட்டிப் பார்த்து, "ஆட்டம்னா ஆடணும்டி, இது என்ன, பொம்மையை வீட்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்க" என்று சிரித்திருக்கிறாள். அவள் சொன்னது விளையாட்டாகத்தான். உங்களுக்குச் சுருக்கென்றுவிட்டது. "நான் ஓடி ஒளிகிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், ஒளிகிறீர்கள். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஆனால் ஒளிவதற்கென்றே ஓர் இடத்தை ஆட்டத்துக்குள் வரைந்து வைத்தவர்கள் நம் பாட்டிகள். உங்கள் தோழிக்கு அது மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

தாயம் ஆடியிருப்பீர்கள். கட்டத்தில் அங்கங்கே பெருக்கல் குறி போட்ட இடங்கள் இருக்குமே, எங்கள் வீட்டில் அதற்கு 'மலை' என்று பெயர். சில வீடுகளில் 'மனை' என்பார்கள். காய் மலையில் இருக்கும்வரை எவனும் வெட்ட முடியாது. என் பாட்டி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் சாக்குக்கட்டியால் கட்டம் வரைவாள். ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த புளியங்கொட்டைகள்தான் தாயக்கட்டை. எதிராளியின் காய் முதுகுக்குப் பின்னால் நாலு கட்டத்தில் நிற்கும்போது அவள் காய் ஒரு மலையைத் தொட்டுவிட்டால் பெருமூச்சு விடுவாள் பாருங்கள், அன்றைக்கு முழுக்க அவள் விட்ட ஒரே நிம்மதியான மூச்சு அதுதான். "மலைக்கு வந்தாச்சு, இனி அவன் பாத்துப்பான்" என்பாள். 'அவன்' யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவிலிருந்து வடகிழக்கே எழுபது கிலோமீட்டரில் நிஜ மலை ஒன்று இருந்ததால், எனக்கு வெகுநாள்வரை இரண்டு மலையும் ஒன்றுதான்.

தெருவுக்கு வந்தால் கல்லா மண்ணா. துரத்துகிறவனுக்கு மண் என்றால் மற்றவர்களுக்குக் கல். கல்லில் நிற்பவனைத் தொடக் கூடாது. அந்த ஆட்டத்தின் ருசி ஓடுவதிலா இருந்தது? கல்லின்மேல் நின்றுகொண்டு, ஒற்றைக் கால் விரலை மட்டும் மண்ணில் தொட்டுத் தொட்டு எடுத்து, துரத்துகிறவனை வெறுப்பேற்றுவதில் இருந்தது. கல்லே இல்லாத கல்லா மண்ணா வெறும் ஓட்டப்பந்தயம். ஆகவே தோழியிடம் சொல்லுங்கள்: கல்லில் நிற்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இந்தப் புத்தி வர நாளாயிற்று. டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள் நம் ஊருக்கு வந்த காலத்தில் நாங்கள் ஆடியது கான்ட்ரா. இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே சுட வேண்டும். நின்றால் சாவு; ஓடினாலும் பெரும்பாலும் சாவுதான். பிறகு, 2000-இல் வெளியாகி இந்தியா முழுக்க நெட் சென்டர்களைப் பிடித்துக்கொண்ட ஐ.ஜி.ஐ. அதில் ஒரு பணிக்கு நடுவில் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ள வழியே கிடையாது. முக்கால் மணி நேரம் தவழ்ந்து போய், கடைசி முள்வேலிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பட்டால் மறுபடி முதல் வேலியிலிருந்து. சித்தூரில் குண்டு படவும் வேண்டாம், கரண்ட் போனால் போதும்.

எனக்கு முதல் 'கல்' கிடைத்தது வைஸ் சிட்டியில். 2002-இல் வந்த விளையாட்டு. சித்தூருக்கு ஓரிரு வருஷம் கழித்து, யாரோ எழுதிய சி.டி.யாக வந்தது. ஊரெல்லாம் கார் திருடி, சுட்டு, போலீஸ் துரத்த ஓடும் ரவுடிதான் நாயகன். ஆனால் அவனுக்கும் ஓஷன் வியூ என்ற ஓட்டலில் ஓர் அறை உண்டு. அங்கே காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும் இளஞ்சிவப்பு கேசட்டைத் தொட்டால் ஆட்டம் சேமிக்கப்படும். ஆட்டத்துக்குள் ஆறு மணி நேரம் ஓடிப்போயிருக்கும். நான் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்துப் போய், அதில் பத்து நிமிஷம் அந்த ஓட்டலுக்குள் சும்மா நிற்பேன். பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பக்கத்து மெஷினில் வெடிச்சத்தம், வெளியே பஸ் ஹாரன், வீட்டில் அப்பாவுக்கு வேலை போன சமயம். அந்த ஓட்டலில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதுவும் நிலைக்கவில்லை. சேமிக்க எட்டு இடம்தான். கடைக்கு வரும் முப்பது பையன்களும் அந்த எட்டையே பங்குபோட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் என் இடத்தில் வேறு எவனோ தன் ஆட்டத்தை எழுதி வைத்திருந்தான். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் இப்போது என்ன செய்ய? அவனுக்கும் நரைத்திருக்கும்.

விளையாட்டுக்காரர்கள் இப்படிப்பட்ட அறைக்கு வைத்திருக்கும் பெயர் சேஃப் ரூம். இந்தப் பெயரைக் கேட்டாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ரெசிடென்ட் ஈவில். ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த பேய்வீட்டு விளையாட்டு. மாளிகை முழுக்க நடைப்பிணங்கள். நடுவே சில அறைகளில் மட்டும் ஒரு டைப்ரைட்டர், சாமான் போட்டுவைக்க ஒரு பெரிய பெட்டி, தாலாட்டுப் போல ஓர் இசை. அந்த இசை காதில் விழுந்தால் விளையாடுபவன் தோள் தானாகத் தளரும். இதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் கதவு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது திரை கறுத்து, ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். அடுத்த அறையின் படங்களைக் குறுந்தட்டிலிருந்து எடுத்துவரப் பிளேஸ்டேஷனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை மறைக்கச் செய்த தந்திரம்தான் கதவு. ஆனால் விளையாடியவர்களுக்கு அது தாழ்ப்பாள். கதவு சாத்திக்கொண்டால் பின்னால் வந்தது பின்னாலேயே நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டார்கள். 1999-இல் மூன்றாவது பாகத்தில் நெமெசிஸ் என்ற அரக்கன் கதவைத் திறந்துகொண்டு அடுத்த அறைக்கும் துரத்தி வந்தபோது அவர்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, வீட்டுக்குள் பாம்பு வந்தவர்களுக்குத்தான் புரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒளியும் இடத்தைப் பற்றி. இனிச் சொல்லப்போவது அதைக் காப்பவரைப் பற்றி. இதற்காகத்தான் பதினோரு நாள் யோசித்தேன்.

டார்க் சோல்ஸ் என்று ஒரு விளையாட்டு, 2011-இல் வந்தது. ஆளைச் சாகடித்துச் சாகடித்தே பாடம் சொல்லும் விளையாட்டு என்று பேர் எடுத்தது. அதில் இளைப்பாற இருப்பது தணல். மண்ணில் செருகிய ஒரு வாள், அடியில் கொஞ்சம் கனல். பக்கத்தில் உட்கார்ந்தால் காயம் ஆறும். ஃபயர்லிங்க் என்ற இடிந்த கோயிலில் இருக்கும் தணல்தான் எல்லாவற்றுக்கும் நடு. எங்கே சுற்றினாலும் கால் அங்கே திரும்பி வரும். அந்தத் தணலுக்குக் கீழே, படி இறங்கிப் போனால், கம்பி போட்ட ஓர் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பேச மாட்டாள், பேச முடியாதபடி செய்திருக்கிறார்கள். அவள்தான் அந்த நெருப்பின் காவல்காரி. மேலே குளிர்காய்கிறவர்களில் பாதிப் பேர் அவளைக் கண்டுகொள்வதில்லை.

ஆட்டத்தின் நடுவே, வேறெங்கோ சண்டை போட்டுவிட்டு அலுத்துத் திரும்பி வரும் ஒரு நாள், தணல் அணைந்து கிடக்கும். ஒருவன் அவளைக் கொன்றுவிட்டிருப்பான். அப்போதுதான் பலரும் முதல்முறையாகப் படி இறங்கிக் கீழே எட்டிப் பார்க்கிறார்கள்.

சகோதரி, இரவு இரண்டரை மணிக்கு உங்கள் வார்டில் நாற்பது பேர் தூங்குகிறார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் தூங்குகிறார்கள். சொட்டு சொட்டாக இறங்கும் பாட்டிலை ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்பதால்தான் அந்தத் தூக்கம். நீங்கள் கடிதத்தில் இதையெல்லாம் எழுதவேயில்லை. "நைட் டியூட்டி" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிட்டீர்கள். படியிறங்கிப் பார்த்தது நான். காலை எட்டு மணிவரை நாற்பது பேருக்கு மலையாக இருந்துவிட்டு வருகிறவர், எட்டரைக்குத் தானும் ஒரு மலையில் போய் உட்கார்ந்தால் அதற்கு யாரிடம் விளக்கம் சொல்ல வேண்டும்?

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல், குனியாமல், சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். மறுபடி அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நட்டு வைப்பது வழக்கம். ஆட்டத்தைச் சேமிக்கும் இடத்துக்குச் சொல்லும் சேவ் பாயின்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இந்தக் கல்தான் முன்னால் வந்து நிற்கும். இன்று சுமைதாங்கிகள் பாதி சாலை அகலப்படுத்தியதில் போயின. மீதியில் போஸ்டர் ஒட்டுகிறார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறியிருப்பீர்கள். 3,550 படி. காலி கோபுரம் வரும்வரை வீறாப்பாக ஏறுகிறவர்கள், அதற்குப் பிறகு தூணுக்குத் தூண் உட்காருவார்கள். தெலுங்கில் மோக்காலு மெட்டு என்று சொல்லும் இடத்தைப் பாட்டி முழங்கால்முறிச்சான் என்பாள். அங்கே வந்தால் கோடீஸ்வரனும் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்கிறான். "என்னய்யா, தரிசனத்துக்கு வந்தாயா, உட்கார வந்தாயா" என்று அவனை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பாதையும் எந்நேரமும் பத்திரமானது என்று சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பிறகு பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் உத்தரவு போட்டது. ஏறுகிறவர்கள் கையில் ஆளுக்கொரு தடி கொடுத்தார்கள். சிறுத்தைக்குத் தடியா என்று ஊரே கேலி பேசியது. நானும் சிரித்தேன், அந்தக் குழந்தையை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டமாகச் சேர்ந்து போங்கள் என்று சொன்னதுதான் அந்த உத்தரவுகளில் எனக்குப் பொருளுள்ளதாகப் பட்டது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் பிள்ளைகள். சுவர் இல்லாத இடத்தில் ஆட்கள்தான் சுவர்.

'சேஃப்' என்று பேர் வைத்ததையெல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். ஊரடங்கு வருஷத்தில் என் அக்கா மகன் பப்ஜியில் மூழ்கிக் கிடந்தான். அதில் வரைபடத்தின் மேல் ஒரு வட்டம் உண்டு. வட்டத்துக்குள் இருந்தால் பத்திரம். வெளியே இருந்தால் உயிர் கரையும். ஆனால் அந்த வட்டம் சில நிமிஷத்துக்கு ஒருமுறை சுருங்கும். வீடு கண்டுபிடித்து, கதவைச் சாத்தி, மூச்சு வாங்குவதற்குள் "மாமா, ஜோன் வருது, ஓடணும்" என்பான். 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்தபோது அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு என்னவோ அவனைத் துரத்திக்கொண்டிருந்த வட்டம் போனதே என்று ஆறுதலாக இருந்தது.

அதைவிட நைசான வலை இன்னொன்று. 2010 வாக்கில் முகநூலில் நானும் ஒரு பண்ணை வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். பச்சைப் பசேலென்று, கோழியும் மாடுமாக, பார்க்க அவ்வளவு சாந்தம். விதைத்தால் இத்தனை மணி நேரத்தில் அறுக்க வேண்டும். தவறினால் பயிர் வாடிப்போகும். நிஜமாகவே விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இல்லாத ஸ்ட்ராபெர்ரியை அறுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். சித்தூரில் மூன்று மணிக்கு எழுந்த விவசாயிகளில் ஒரு பைசாகூடப் பார்க்காதவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். பிறகு தக்காளி விலை தெரிந்தவர்கள் திருத்தினார்கள்.

உங்கள் பண்ணை அப்படிப்பட்டதில்லை என்பதை நானே ஒரு வாரம் விளையாடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். போனை மூடினால் அந்த ஊரும் கண்ணை மூடிக்கொள்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில், விட்ட காலையில் நிற்கிறது. ஏன் வரவில்லை என்று செய்தி அனுப்புவதில்லை. வந்ததற்குப் பரிசு கொடுத்து ஆசை காட்டுவதுமில்லை. மழை நாளில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பது அந்த விளையாட்டின் விதி. நீங்கள் மழைச்சத்தம் கேட்டுப் படுத்திருப்பது ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று என் ஊகம். உங்கள் வேலையை வானம் செய்துகொண்டிருக்கிறது. நர்ஸ் வேலையில் அப்படி ஒரு நாள் உண்டா?

அந்த ஊரைக் கட்டியவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நாலரை வருஷம்போல ஒற்றை ஆளாக உட்கார்ந்து படம், இசை, கதை, கணக்கு எல்லாம் தானே செய்தார். 2016 பிப்ரவரி 26-இல் வெளியாயிற்று. ஒற்றை ஆளின் சாதனை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த வருஷங்களில் அவர் ஓர் அரங்கில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார்; வீட்டுச் செலவைப் பெரும்பாலும் தாங்கியது வேலைக்குப் போன அவருடைய காதலி. தாயத்தில் ஒரு காய் மலையில் உட்காரும்போது விழுகிற எண்ணையெல்லாம் இன்னொரு காய்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறது.

நீங்கள் மருத்துவம் சார்ந்தவர் என்பதால் உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயாகச் சேர்ந்திருப்பது தெரிந்திருக்கும். 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப்போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முதலாவதாகிவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாதது, இந்த மூன்றும் பொதுவாக ஒரு வருஷம்போல நீடிக்க வேண்டும் என்கிறது. இருபது நிமிஷம் மழை கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறவரை அந்தப் பட்டியலில் சேர்க்க உங்கள் தோழிக்கு அதிகாரம் இல்லை.

இன்னொரு விளையாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வெண்பா. கனடாவின் டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலை 31-இல் வெளியிட்டது. மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை அதற்குக் கொடுத்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். வெளியே குளிர், சரியான வேலை கிடைக்காத கவலை, பேச ஆள் இல்லை. விளையாட்டு நடப்பது பெரும்பாலும் அடுக்களையில். ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரியை நாம் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர் என்றால் பாருங்கள். டெல்லியிலும் டோக்கியோவிலும் உட்கார்ந்து ஆடுகிறவன் மண்டையைக் குடைந்துகொள்ளும் புதிரை உங்கள் அம்மா தூக்கக் கலக்கத்திலேயே விடுவித்துவிடுவார்.

மொத்தமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுடும் வேலை தோசைக்கல்லோடு சரி. ஆனால் அதில் ஓர் இடத்தில் நான் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டேன். வளர்ந்து பெரியவனான மகன், அம்மாவின் குறிப்பைத் தன் அரைகுறைத் தமிழில் தட்டுத் தடுமாறிப் படித்துச் சமைக்கிறான். அது கனடா என்று விளையாட்டு சொல்கிறது. எனக்கு அது சித்தூராகத் தெரிந்தது.

நம் கதை உங்களுக்குத் தெரியும். 1960-இல் ஆந்திர எல்லையைத் திருத்தினார்கள். திருத்தணி தமிழகப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திரப் பக்கம் நின்றது. வாசற்படி தாண்டினால் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பஸ்ஸில் தெலுங்கு, கச்சேரியில் தெலுங்கு. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. இரண்டும் என் நாக்குதான். ஆனால் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது நாக்கும் எதையோ கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும். "அம்மா, பசிக்குது" என்று சொல்ல ஒரு கதவு தேவைப்பட்டது. ரெசிடென்ட் ஈவிலின் அந்தக் கதவு போலத்தான். பின்னால் துரத்தி வந்தது எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லோடு நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் தமிழ் 'ம'வுக்குப் பதில் தெலுங்கு 'ம' விழுந்திருந்தது. மன்னிக்கச் சொல்லிக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். தமிழில் படிக்காமல், வீட்டில் அம்மாவிடம் எழுத்துக் கூட்டக் கற்று, நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க என்ன இருக்கிறது? அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும்தான் இவர் நம் ஊர்க்காரர் என்று உறுதியாயிற்று.

ஒரே ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. வார விடுமுறையிலும் சித்தூர் போவதில்லை, அம்மா கூப்பிட்டால் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் சொன்ன காரணம் களைப்பு. நம்புகிறேன். ஆனால் தாயத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆடுகளத்தில் இரண்டு மூன்று காய் இருந்தால் ஒன்றை மலையில் விட்டுவிட்டு மற்றதை நகர்த்தலாம், எத்தனை சுற்று வேண்டுமானாலும். கடைசிக் காய் ஒன்றே ஒன்று என்றாகிவிட்டால், விழுகிற எண்ணுக்கு அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். மலையை விட்டு இறங்கியே தீர வேண்டும். நீங்கள் இப்போது ஒற்றைக் காயாக ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டத்தில் உங்களுக்காக நகர இன்னொரு காய் இருக்கிறது. அது சித்தூரில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடம் நைட் டியூட்டியைப் பற்றிப் பேச வேண்டாம். மழை கேட்டுத் தூங்குகிறேன் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனால் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் அம்மாவைத் தாயக்கட்டம் வரையச் சொல்லி, அந்தப் பெருக்கல் குறிக் கட்டத்துக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். மலையா, மனையா, வேறு ஏதாவதா என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். தெலுங்கு 'ம' போட்டே எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
சித்தூர்